ஐந்து சதவீத வேகம்

சிரில் சாரின் கேசட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகையில் மதிப்புரை வந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். பொம்மசந்திரா போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை விரித்தபோது, கிட்டாரும் கையுமாக சிரில் சார் அதில் உட்கார்ந்திருந்தார். "இவர் எங்க ஹவுஸ் ஓனர்" என்று பெருமையாகச் சொல்லி பேப்பரை வாங்கினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

எழுதியவர் ஷோபா என்கிற அம்மாள். வாராவாரம் இசையைப் பற்றி எழுதுபவர். பெங்களூரில் ஜாஸ் கேட்கிறவர்கள் ஒரு சின்ன மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். அவர்கள் எல்லாரும் அவரைப் படிப்பவர்கள். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: சிரிலுக்குத் திறமை உண்டு, நிதானம் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரைப் போல வாசிக்கிறார். ஒரு வரியை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வரியைத் தொடங்கிவிடுகிறார். கிட்டாரின் குரல் மெலிந்து கீச்சென்று இருக்கிறது. முப்பது வருடம் ஹோட்டல்களில், சாப்பிடுகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் வாசித்த பழக்கம், தன் பெயரில் வெளியிடும் முதல் கேசட்டிலும் விடவில்லை.

கடைசி வாக்கியம்தான் என்னைக் குத்தியது. ஏனென்றால் சிரில் சார் அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருவதற்காகவே அந்தக் கேசட்டைப் போட்டார்.

இது நடந்தது 1997 ஆகஸ்டில். காக்ஸ் டவுனில் அவருடைய பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் நான் நாலு வருடமாகக் குடியிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் போளூர். பம்புசெட் மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. அப்போது கல்யாணமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முன் ஹாலில் அவருடைய குவார்ட்டெட், அதாவது நாலு பேர் குழு, ஒத்திகைக்குக் கூடும். சிரில் சார் கிட்டார். ரெமிஜியஸ், ஆள் உயரத்துக்கு நிற்கிற பேஸ் வயலின். ஷங்கர், ட்ரம்ஸ். சஞ்சய் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் பியானோ.

முதல் மாதங்களில் அது எனக்குச் சத்தம்தான். பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. துணி துவைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிறன்று துவைப்பதை நிறுத்திவிட்டேன். சிரில் சார் ஒரு வரியை வாசித்துவிட்டு, அரிசி புடைக்கிறவர் முறத்தை ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பாரே, அப்படி நிறுத்துவார். அந்த இடைவெளியில் ரெமிஜியஸ் இரண்டு அடி எடுத்து வைப்பார். ஷங்கரின் பிரஷ் ட்ரம்மின் தோலைத் துடைக்கும். சஞ்சய் ஒரே ஒரு கட்டையைத் தொடுவான். அதற்கப்புறம்தான் சார் அடுத்த வரிக்கு வருவார். வரும்வரை அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாது. சொன்னபின் அதைத் தவிர வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றும். அன்றுமுதல் ஒத்திகை நேரத்தில் நான் முன் ஹால் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தேன். யாரும் போகச் சொல்லவில்லை.

கேசட்டின் பெயர் 'ஆஃப்டர் மாஸ்', பூசைக்குப் பிறகு என்று அர்த்தம். ஆறு உருப்படிகள். ஸ்டுடியோவில் இரண்டு நாளில் பதிவு செய்து, பெரிய ஸ்பூல் டேப்பில் கொடுத்தார்கள். அதிலிருந்து ஐந்நூறு கேசட் பிரதி எடுக்க வேண்டும். ஈஜிபுராவில் முகேஷ் என்பவர் பக்திப் பாட்டுக் கேசட்டுகளைப் பிரதி எடுத்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். என் கம்பெனி பஸ் அந்தப் பக்கமாகத்தான் திரும்பும் என்பதால், ஸ்பூலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் மதிப்புரையைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது, ஜூன் மாதம் முகேஷ் கடையில் நடந்த பேச்சு.

"சார், ஒரு சைடு முப்பத்தொன்றரை நிமிஷம் வருது. என்கிட்ட இருக்கிறது எல்லாம் அறுபது நிமிஷ கேசட். சைடுக்கு முப்பதுதான். கடைசிப் பாட்டுல ஒன்றரை நிமிஷம் கட் பண்ணட்டா? இல்ல, ஸ்வல்ப ஸ்பீடு ஏத்தி உள்ள அடக்கட்டா?"

"கட் பண்ணவே கூடாது. எவ்வளவு ஸ்பீடு ஏத்தணும்?"

"அஞ்சு பர்சென்ட். சாமி பாட்டுக்கெல்லாம் நாங்க அப்படித்தான் பண்றோம். ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

எங்கள் தொழிற்சாலையில் மோட்டாரின் சுற்று வேகம் குறித்த அளவுக்கு மேலே ஐந்து சதவீதம், கீழே ஐந்து சதவீதம் இருக்கலாம். அதற்குள் இருந்தால் நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். பத்து வருடமாக ஒட்டிய கை. "அஞ்சுன்னா பாஸ்தான், போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரில் சாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கேசட் வந்ததும் நானும் ஒன்று வாங்கி, பஸ் இரைச்சலில் வாக்மேனில் இரண்டு தடவை கேட்டேன். ஏதோ அவசரமாகப் போகிறதே என்று பட்டது. புது பேட்டரி போட்டது காரணமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் முன்பக்கம் போனேன். பேப்பர் மடித்து வானொலிப் பெட்டியின் மேல் கிடந்தது. சிரில் சார் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"படிச்சியா மேன்?"

"படிச்சேன் சார். அநியாயமா எழுதியிருக்காங்க."

"அநியாயம் எல்லாம் இல்ல மூர்த்தி. அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு. நானும் கேட்டேன். ஓடுறேன். கேக்கறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது. நம்ம ப்ளேயர் கொஞ்சம் ஃபாஸ்டா ஓடும், அதனாலன்னு நெனச்சேன். அவகிட்டயும் ஓட்டை ப்ளேயரா இருக்கும்? ஸ்டுடியோன்ன உடனே பயந்துட்டேன் போல. தெரியவே இல்ல பாரு."

அவருடைய மனைவி பிலோமினா அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "டிசம்பர்ல அந்த ஹால்காரங்க கச்சேரி கேட்டாங்க இல்ல, வரலன்னு போன்ல சொல்லிட்டாரு. ரெமியையும் ஞாயித்துக்கிழமை வர வேணாம்னுட்டாரு. அந்த ஹோட்டல்லயே திரும்பப் போய் வாசிக்கப் போறாராம். நீயாச்சும் சொல்லு."

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "காபி குடிக்கிறியா?" என்றார் அக்கா. வேண்டாம் என்று பின்கட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து ஸ்டாப்வாட்சைக் கேட்டு வாங்கி வந்து ஆறு உருப்படிகளையும் அளந்தேன். கேசட் அட்டையில் ஸ்டுடியோ கொடுத்த நேரங்கள் அச்சாகியிருந்தன. மூன்றாவது உருப்படி 'வெயிட்டிங் ஃபார் பிலோ'. வெளியே கிளம்பும்போது அக்கா தயாராகும்வரை காத்திருந்து காத்திருந்து சார் அமைத்த மெட்டு. மெதுவானது, கேசட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. அட்டையில் ஏழு நிமிடம். என் கையில் ஆறு நிமிடம் நாற்பது நொடி. மற்ற ஐந்தும் அதே கணக்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நேரில் சொல்ல முடியாததை எழுதிச் சொல்வது என் பழக்கம். தெருவிளக்கு எரியாவிட்டாலும், ஊரில் அண்ணனோடு மனஸ்தாபமானாலும் கடிதம்தான். கார்பன் வைத்து நகல் எடுத்து, எண் போட்டுக் கோப்பில் வைப்பேன். அன்றும் உட்கார்ந்து எழுதினேன்.

"அனுப்புநர்: வெ. சுந்தரமூர்த்தி, பின்கட்டு. பெறுநர்: திரு. சிரில் அவர்கள், அதே முகவரி. பொருள்: தங்கள் கேசட்டின் வேகம் குறித்து.

ஐயா, தாங்கள் ஓடவில்லை. தங்களை நான்தான் ஓட வைத்தேன். பிரதி எடுக்கும் கடையில் நூற்றுக்கு ஐந்து வேகம் கூட்டலாமா என்று கேட்டபோது, தங்களைக் கேட்காமல் சம்மதம் சொன்னவன் நான். அளந்து பார்த்த விவரம் கீழே அட்டவணையில் உள்ளது. வேகம் கூடியதால் சுருதியும் ஏறிவிட்டது. கிட்டாரின் குரல் மெலிந்ததற்கும் அதுவே காரணம். மதிப்புரையில் தங்கள் மேல் விழுந்த குறை என்னுடையது. தாங்கள் சொல்லும் எந்தப் பரிகாரத்துக்கும் கட்டுப்படுகிறேன்."

ஸ்டாம்ப் ஒட்டி மூலைத் தபால் பெட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை பகல் வந்திருக்கிறது. நான் ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் திறந்தபோது சிரில் சார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் என் கடிதம்.

"பிலோ, இங்க வா. போஸ்ட்மேன் வந்துட்டாரு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "பின்பக்கத்துல இருந்து முன்பக்கத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டி எழுதின ஆள இப்பத்தான் பாக்கறேன். தபால்காரர் என்கிட்ட ரெண்டு தடவை கேட்டாரு, ஒரே வீடுதானேம்மான்னு."

நான் தலையைக் குனிந்து நின்றேன். சிரில் சார் சிரிக்கவில்லை.

"ஏன் மேன், நீ என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை."

"தப்பு சார்."

"மோட்டார்னா அஞ்சு பர்சென்ட் சரி. இது மோட்டாரா?"

"இல்ல சார்."

"நாலு நாளா நான் என் கையவே பாத்துட்டு உக்காந்திருக்கேன். வயசாயிடுச்சா, நரம்பு தளர்ந்துடுச்சான்னு. நீ இங்க பத்தடியில படுத்துத் தூங்கற."

"தூங்கல சார்."

அவர் கடிதத்தைத் திரும்ப ஒரு முறை, அட்டவணையை மட்டும், விரலை வைத்துப் படித்தார். பிறகு, "நிஜமாவே ஏழு நிமிஷம் வாசிச்சேனா?" என்றார்.

"அப்ப கேசட்ல நான் இருபது செகண்ட் முன்னாடியே ரெடியாயிட்டேன்" என்றார் அக்கா. "அந்தக் கேசட்டே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேர் ஈஜிபுராவுக்குப் போனோம். நான், சிரில் சார், ரெமிஜியஸ். ரெமிஜியஸ் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஓயவில்லை. "கேசட் வந்த அன்னிக்கே நான் சொன்னேன், என் பேஸ் கொசு மாதிரி கத்துதுன்னு. இவன் என்ன சொன்னான் தெரியுமா? உன் காதுல அழுக்கு இருக்கு, போய்க் கழுவுன்னான். முப்பது வருஷமா இதே மரியாதைதான் எனக்கு."

முகேஷுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. "சார், இதுல தப்பு என்ன சார்? சாமி பாட்டுல அஞ்சு ஏத்தினா ஜனங்க இன்னும் சந்தோஷமா கை தட்டுறாங்க" என்றார். ஆனாலும் ஸ்பூலை எடுத்து, மெஷினில் மாட்டி, வேகக் குமிழைச் சரியான கோட்டில் வைத்தார். கோழிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இருந்த அந்தக் கடையில் உட்கார இரண்டே ஸ்டூல். ரெமிஜியஸ் நின்றார்.

ஸ்பூல் சுற்றத் தொடங்கியது. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்கிற கை இதுதான் என்று. கிட்டாருக்கு அதன் சதை திரும்பி வந்திருந்தது. 'வெயிட்டிங் ஃபார் பிலோ' வந்தபோது முகேஷே பக்கத்து மெஷினை நிறுத்தினார். நடுவில் ஓர் இடம் உண்டு. சார் மூன்று சுரத்தை இறங்கி வாசித்துவிட்டு நாலாவதை வாசிக்காமல் விட, அதை ரெமிஜியஸ் அடியில் எங்கேயோ மெல்லத் தொடுவார். கேசட்டில் அந்த இடம் நெருக்கியடித்துக்கொண்டு போயிருந்தது. இங்கே, ஒருவர் நாற்காலியை நகர்த்திக் கொடுக்க இன்னொருவர் வந்து உட்காருவது மாதிரி, சாவகாசமாக நடந்தது. ரெமிஜியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். சிரில் சார் சுற்றுகிற ஸ்பூலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடது கை விரல்கள் முழங்காலின் மேல் வாசித்துக்கொண்டிருந்தன.

ஐந்தாவது உருப்படி 'மண்டே மார்னிங்'. ஆறிலும் வேகமானது. பாதி போனபோது சார் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ."

திரும்பக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"இங்க நான் நிஜமாவே ஓடியிருக்கேன் ரெமி. ஷங்கரை விட்டுட்டு ஓடுறேன் பாரு. அவன் பின்னாடியே துரத்தறான், பாவம்."

"ரெண்டு லைன்தான்டா."

"ரெண்டோ நாலோ. மத்த அஞ்சும் நல்லா இருக்கு. இல்ல?" கடைசிச் சொல்லை அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன். எழுதும்போது வருகிற வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

முகேஷ் வெளியே போய் வாங்கிவந்த தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றில், வேகம் மாற்றாமல், ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் மெதுவாக ஆரம்பித்தேன். "சார், அந்த ஷோபா மேடத்துக்கு இதை அனுப்பி ஒரு லெட்டர் போடலாமா?"

"வேணாம். வாசிக்கிறவன் பேப்பருக்குப் பதில் எழுதக் கூடாது. அது பிச்சை."

"நீங்க எழுத வேணாம் சார். நான் எழுதறேன். தப்பு என்னுது. அவங்க உங்க மேல போட்டதை என் மேல மாத்திப் போடணும், அவ்வளவுதான்."

"எழுதட்டும் விடுடா. இவனுக்கு லெட்டர் எழுதலன்னா சோறு இறங்காது" என்றார் ரெமிஜியஸ்.

சிரில் சார் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார். "சரி எழுது. ஆனா ஒண்ணு. 'மண்டே மார்னிங்' பத்தி நான் சொன்னதை எழுதாத."

"ஏன் சார்? மறைக்கிற மாதிரி ஆயிடாதா?"

"மறைக்கல மேன். அவளுக்குக் காது இருக்கா, இல்ல சும்மா அடிச்சு விட்டாளான்னு நான் தெரிஞ்சுக்கணும்."

ஆங்கிலத்தில் எழுத எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. அட்டவணையை இணைத்தேன். மன்னிப்போ மறுமதிப்புரையோ கேட்கவில்லை. தாங்கள் கேட்டது சிரில் வாசித்தது அல்ல, அவர் வாசித்தது இத்துடன் உள்ளது, இடையில் நடந்த பிழை என்னுடையது என்று மட்டும் எழுதி, கேசட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாளில் எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. "நான் காசு கொடுத்து வாங்கிய கேசட்டைப் பற்றித்தான் எழுதினேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை. இதையும் கேட்கிறேன். ஷோபா." சிரில் சாரிடம் காட்டினேன். "ரொம்பக் கறாரா இருக்காளே" என்றார். ஆனால் அட்டையை என்னிடம் திருப்பித் தரவில்லை.

அந்த வாரங்களில் அவர் ஹோட்டலுக்கும் போகவில்லை, ஒத்திகைக்கும் ஆள் கூப்பிடவில்லை. கிட்டார் பெட்டி மூடியே இருந்தது. அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை மட்டும் தூக்குவார். இன்னும் இல்லையா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன். வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறுமுன் பேப்பர் வாங்குவது வழக்கமாகிவிட்டது.

அக்டோபர் முதல் வெள்ளியன்று வந்தது. அந்தப் பஸ்ஸில் நான் ஏறவில்லை. பேப்பரோடு வீட்டுக்குத் திரும்பினேன். அந்த வருடம் நான் எடுத்த ஒரே அரைநாள் லீவு அது.

சிரில் சாருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. "நீயே படி" என்றார். நான் ஆங்கிலத்தில் படித்து, அக்காவுக்காகத் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனேன். படம் இல்லை, பெரிய தலைப்பு இல்லை. பத்தியின் ஓரத்தில் முப்பது வரி இருக்கும்.

பிரதி எடுத்தபோது நடந்த பிழையால் ஆகஸ்டில் தான் கேட்டது வேறு ஒரு கேசட் என்று ஷோபா தொடங்கியிருந்தார். "சிரிலிடம் நிதானம் இல்லை என்று எழுதினேன். நிதானம்தான் அவருடைய வாத்தியம், கிட்டார் அதற்கு அப்புறம். 'வெயிட்டிங் ஃபார் பிலோ'வை நாலு முறை கேட்டேன். காத்திருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று இந்த ஊரில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. ரெமிஜியஸின் பேஸ், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஹோட்டல்களைப் பற்றி எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஹோட்டல்கள் இவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரில் சார் என் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒரு பாரா இருக்கு சார்."

"படி."

எனக்குத் தயக்கமாக இருந்தது. படித்தேன். "ஒன்றை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். 'மண்டே மார்னிங்' நடுவில், கிட்டார் ட்ரம்ஸை விட்டுவிட்டு ஓடுகிறது. எந்த மெஷினும் அதற்குப் பொறுப்பில்லை."

சிரில் சார் எழுந்தார். தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

"கேட்டுட்டா! பிலோ, கேட்டுட்டா பாத்தியா! எந்த இடம்னு கரெக்டா சொல்றா!"

"திட்டுறதுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்றார் அக்கா.

"திட்டா இது? இந்த ஊர்ல நான் வாசிக்கிறத உக்காந்து கேக்கறா ஒருத்தி. அப்ப மேல சொன்னதும் நெசம்தானே? இதை அவ கேக்காம விட்டிருந்தா அந்தப் புகழ்ச்சிய எல்லாம் நான் என்ன பண்றது?"

ரெமிஜியஸுக்கு போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை வா. ஆமா, எல்லாரும். 'மண்டே மார்னிங்' ஒண்ணே ஒண்ணுதான். ஷங்கர்கிட்ட சொல்லு, நான் ஓடினா விடாம புடிச்சு நிறுத்தணும்னு." பிறகு ஹாலுக்குப் போன் போட்டார். டிசம்பர் தேதியை ஒரு நாட்டியப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது என்றார்கள். அது போதும் என்றார்.

ஞாயிறன்று நாலு பேரும் வந்தார்கள். நான் ஸ்டூலைக் கதவோரம் போட்டுக்கொண்டேன். முதல் தடவை அதே இடத்தில் சார் ஓடினார், ஷங்கர் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். இரண்டாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்து நிறுத்தினார். மூன்றாவது தடவை பயந்து பின்தங்கிவிட்டார். "இப்ப நொண்டறே" என்றார் ரெமிஜியஸ். ஐந்தோ ஆறோ தடவைக்கு அப்புறம், அந்த நாலு வரியும் ட்ரம்ஸின் தோளில் கை போட்டு நடப்பதுபோல வந்தன. எல்லாரும் ஒன்றாக வந்து ஒன்றாக நின்றார்கள். சமையலறையில் தாளிக்கிற சத்தம்கூட நின்றிருந்தது.

"எங்க, இப்ப எழுதச் சொல்லு அவள" என்றார் ரெமிஜியஸ், வியர்வையைத் துடைத்தபடி.

"அவ எழுதினது போதும்" என்றார் சிரில் சார். "இன்னொரு தடவை வாசி."